இரண்டு ‘ரிஸ்க்’குகள்

நம் இல்லங்களில் ‘ரிஸ்க்’ என்றால் இறைவன் அளந்தருளும் வாழ்வாதாரம். தஞ்சைக் கடைத்தெருவில் “கொஞ்சம் ரிஸ்க் எடுங்க தம்பி” என்றால் அது ஆங்கிலச் சொல். இழப்புக்கும் இடமுள்ள செயல் என்பது கருத்து. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆங்கிலச் சொல்லுக்கு அரபிச் சொல்லே மூலம் என்பாரும் உளர். இலத்தீன் வேரைக் காட்டி மறுப்பாரும் உளர். அந்த வழக்கு நிற்க, ஆங்கிலத் தொடரை நாம் சரியாக வழங்குகிறோமா?

‘ரிஸ்க் எடுத்தல்’ என்பதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. இழக்கக்கூடியது இன்னதென எடுப்பவர் அறிந்திருக்க வேண்டும். வேண்டாமென விலகும் வழியும் அவருக்கு இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாதபோது ஆபத்துக்கு ஆளானார் என்பதே பொருந்தும்.

1934 முதல் பாசனத்துக்கு நீர் வழங்கிவரும் மேட்டூர் அணை, வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும். 2012-இல் செப்டம்பர் 17-இல்தான் திறந்தது. 2022-இல் மே 24-இலேயே திறந்தது. ஆற்றுநீர் வருமுன் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை நடுபவர், கணக்குப் பார்த்தே ரிஸ்க் எடுக்கிறார். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, தோப்புக்காரர்களை ரிஸ்க் எடுத்தவர்கள் என்பது தகுமா? அவர்கள் இடருக்கு ஆளானவர்கள்.

மற்றொன்றும் உண்டு: எடுப்பவர் யார்? வாரத்தில் விளைச்சல் குறைந்தால் நிலத்துக்கு உரியவர் பங்கும் குறையும். குத்தகையிலோ, பேசிய நெல்லை அளந்தே தீரவேண்டும் என்றால், மழையின் பாரம் முழுவதும் உழுபவர் தலைமீதே விழும். அவரிடம் “ரிஸ்க் எடு” என்று சொல்லும் நிலக்காரரோ கடன் கொடுப்பவரோ தாம் எதையும் எடுப்பதில்லை, எடுக்க வைக்கிறார்.

ஆதாயம் பொறுப்போடு சேர்ந்தது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த நெறி. நட்டத்தில் தோள் கொடாதவர் இலாபத்தில் மட்டும் பங்கு கேட்பதை நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஏற்கவில்லை. பிறர் பாரத்தைத் தம் துணிவாகப் பேசுவது மொழிப்பிழை மட்டுமன்று, நீதிப்பிழையும் ஆகும்.

உயிர்களுக்கு ரிஸ்க் அளிக்கும் பொறுப்பை இறைவன் தன்மீது ஏற்றிருப்பதாகத் திருமறையின் ஹூது அத்தியாயம் கூறுகிறது. மற்ற ‘ரிஸ்க்’கின் பொறுப்போ மனிதர்களாகிய நம்முடையது. வயலில் இறங்கும் ஏழையை “ரிஸ்க் எடு” என்று ஏவுமுன், அதில் நம் பங்கு எவ்வளவு என்று சிந்திப்போமாக.