களை எடுக்கும் ஞாயிறுகள்

பிரெஞ்சுக்காரர்கள் அன்றாடப் பேச்சில் களையை 'மொவேஸ் எர்ப்' என்பார்கள். 'கெட்ட புல்' என்று பொருள். காரைக்காலில் எனக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான் நடந்தது. அதனால் சிறுவயதில் என் மனதில் பதிந்தது இந்தக் 'கெட்ட புல்'தான். தமிழில் அப்படி இல்லை. 'களை' என்பது செடியின் பெயர். 'களை' என்று ஏவினால் 'அகற்று' என்றும் பொருள். பெயரும் வேலையும் ஒரே சொல்லில் அடக்கம். பணி ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான குடுமியான்மலைப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு, இந்தச் சொல்லின் அருமை எனக்கு நன்றாக விளங்கியது.

வெளியூர்க்காரர்கள் குடுமியான்மலைக்கு வருவது சிகாநாதசுவாமி கோயிலையும், குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் உள்ள இசைக் கல்வெட்டையும் பார்க்க. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எழுத்து நிற்கிறது. கல்லில் வெட்டியது நிற்கும். மண்ணில் வெட்டியது அப்படி நிற்காது. எங்கள் மாவட்டத்தின் உயிர் இருப்பதோ மண்ணில் வெட்டியதில்தான். வெள்ளாற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுவதில்லை. ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும்தான் ஊர்களைக் காத்தவை. மேட்டில் பெய்யும் மழை வரத்து வாரி வழியாக ஒரு கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவில் ஒரு வாரி அடைபட்டால் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் காயும்.

அந்த வாரிகளை இன்று அடைத்து நிற்பது சீமைக்கருவேல். பிறப்பிடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியப் பகுதி. சென்னை மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த பெடோம் என்பவரின் முயற்சியால் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, 1877ல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நோக்கம் நிறைவேறியது, அளவுக்கு மேலேயே! ஆடு அதன் இனிப்பான நெற்றைத் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும். விழுந்த இடத்தில் முளைக்கும். வாரியில் நாலு செடி வந்துவிட்டால் போதும். குப்பையும் வண்டலும் அதில் தங்கும், மேடு தட்டும், தண்ணீர் வேறு பக்கம் திரும்பும்.

2017 உங்களுக்கு நினைவிருக்கும். வைகோ தொடுத்த வழக்கில், தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஊரெல்லாம் ஜேசிபி இறங்கியது. அரியலூரில் ஜாமீன் கேட்டவர்களுக்கு ஆளுக்கு 100 மரம் அகற்ற வேண்டும் என்று நிபந்தனைகூட விதித்தார்கள். அதே ஆண்டு கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வேகம் நின்றது. மரம் நிற்கவில்லை. இந்த மரத்தை வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளையாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்காத இடங்களில் முன்னைவிடப் புதர் அடர்த்தியானது.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மறு ஆண்டு கொத்தமங்கலம் இளைஞர்கள் சொந்தக் காசைப் போட்டு, ஊரில் நன்கொடை திரட்டி, தங்கள் குளத்தைத் தூர்வாரினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. அந்தச் செய்தி மாவட்டம் முழுவதும் பரவி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளையும் தொட்டது. பெயர்ப்பலகை, சங்கம் எதுவும் கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு வாரிக்கரையில் கூடுவார்கள், அவ்வளவுதான்.

வேலை செய்ய ஒரு முறை உண்டு. மழை விட்டு மண் இளகியிருக்கும் வாரத்தில் இளஞ்செடிகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். முழங்கால் உயரம் தாண்டினால் கடப்பாரையும் மண்வெட்டியும் வேண்டும். மரமாகிவிட்டால் இயந்திரம்தான். நாட்டுக் கருவேலை விட்டுவிட வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தார் ஒரு பெரியவர். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தது போல இடுக்கி இடுக்கி இருக்கும். சீமையின் பூ நீளக் கதிர். காய் பயறு போல நீண்டு தொங்கும்.

கடப்பாரை தூக்கும் வயது எனக்கு இல்லை. எழுத்தராக இருந்தவனுக்குத் தெரிந்த வேலை நோட்டுப் போடுவது. தேதி, இடம், வந்தவர்கள், முடித்த நீளம் என்று கட்டம் கட்டினேன். 'மீண்டும் முளைத்தவை' என்று ஐந்தாவதாக ஒரு கட்டமும் போட்டேன். அலுவலகத்தில் நான் தயாரித்த எந்த அறிக்கையிலும் அப்படி ஒரு கட்டம் இருந்ததில்லை. செய்து முடித்ததைத்தான் மேலே அனுப்புவோம். திரும்பி வந்ததைக் கேட்பார் இல்லை. முதல் ஆண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சோர்ந்தார்கள். அகற்றிய இடத்திலெல்லாம் பச்சை விரல்கள் மாதிரி நாற்றுகள். இரண்டாம் ஆண்டு குறைந்தன. மூன்றாம் ஆண்டு இன்னும் குறைந்தன. ஆனால் வந்தவர்கள் கட்டத்திலும் எண்ணிக்கை குறைந்தது. ஒருவன் திருப்பூருக்கும் இன்னொருவன் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் விறகு பொறுக்க வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "எல்லாத்தையும் பிடுங்கிட்டா நான் அடுப்புக்கு என்னத்தய்யா வைக்கிறது?" நியாயமான கேள்வி. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் இதுதான் பிழைப்பு. பிள்ளைகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாரியிலும் கண்மாய்க்குள்ளும் ஒரு செடி நிற்கக் கூடாது. மேட்டுத் தரிசில் நிற்பதைத் தொடுவதில்லை. பிடுங்கிய விறகு அந்த அம்மா போன்றவர்களுக்கே. இதுவரை அந்த ஏற்பாடு சண்டையில்லாமல் நடக்கிறது.

அந்தக் காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆண்டுதோறும் ஊரார் கூடிச் செய்வது. 1858ல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமே போட்டார்கள். 2022ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் நம் வாரியில் மூன்றாம் ஆண்டு முளைக்கும் நாற்றைப் பிடுங்க அந்த ஊரில் குடியிருப்பவன்தான் குனிய வேண்டும்.

ஐப்பசி மழை விட்டதும் மறுபடி தொடங்குகிறோம். புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் வாருங்கள். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். தடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வரவும். கட்டம் போட்ட நோட்டு என்னிடம் இருக்கிறது.