ஊதாத பலூன்



ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர்களைப் பற்றிக் கற்பிக்கும்போது ஈஸ்ட் சோதனை செய்து காட்டுவது நம்மில் பலருக்கும் வழக்கம். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் வெதுவெதுப்பான நீர், சிறிது சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். புட்டியின் வாயில் ஒரு பலூன். சீனியை உண்ணும் ஈஸ்ட் கரியமில வாயுவை வெளியிடும். அரைமணி நேரத்தில் பலூன் மெல்லத் தலைதூக்கும். மாணவர்கள் கைதட்டுவார்கள்.

அன்று என் வகுப்பில் ஐந்து குழுக்கள். நான்கு பலூன்கள் நிமிர்ந்தன. ஐந்தாவது மட்டும் வாடிய பூப்போலத் தொங்கியே கிடந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. "அறிக்கையை எழுதி நாளை கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஐந்து அறிக்கைகளும் வந்தன. ஐந்திலும் ஒரே விடை: 'பலூன் ஊதியது.' ஐந்தாம் குழுவின் தாளில் மட்டும் அழிப்பான் தேய்த்த தடம் இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழிந்த எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. 'நுரை நிறைய வந்தது. பலூன் ஊதவில்லை.'

எழுதிய மாணவனை அழைத்து, ஏன் அழித்தாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஊதலன்னு எழுதினா தப்பு போடுவீங்கன்னு நெனச்சேன், டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவன் நினைத்தது சரி. எத்தனையோ ஆண்டுகளாக நான் அப்படித்தான் திருத்தி வந்திருக்கிறேன். பாடநூலில் உள்ள முடிவு வந்திருந்தால் சரி. இல்லையென்றால் சிவப்பு மை. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. 'சரியான விடை' பற்றிய அச்சம் மட்டும் அதனோடு போகவில்லை.

உண்மையில், அவன் அழித்த அந்த இரண்டு வாக்கியங்கள்தாம் அன்றைய வகுப்பின் மிகச் சிறந்த உற்றறிதல். நுரை வந்தது என்றால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, வாயுவும் உண்டாகிறது. அப்படியானால் அந்த வாயு எங்கே போயிற்று?

வீட்டில் பீர் தயாரிக்கும் பழக்கமுள்ள நாடுகளில், புதிதாகத் தொடங்குவோரை அடிக்கடிக் கலங்கச் செய்வதும் இதே சிக்கல்தான். நொதிக்கும் கலத்தின் மூடியில் வாயு வெளியேறுவதற்கு நீரடைப்புள்ள ஒரு சிறு குழாய் இருக்கும். அதில் குமிழி வரவில்லை என்றதும் ஈஸ்ட் செத்துவிட்டது என்று பதறுவார்கள். பல வேளைகளில் நொதித்தல் நன்றாகவே நடந்துகொண்டிருக்கும். மூடி சரியாகப் பொருந்தாததால் வாயு வேறு இடுக்கு வழியே கசிந்துகொண்டிருக்கும். அனுபவமுள்ளவர்கள் குமிழியை மட்டும் நம்புவதில்லை. திரவமானியை மிதக்கவிட்டு, சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள்.

பீரை எடுத்துக்காட்டாகச் சொன்னதற்குப் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். கள்ளும் சம்சுவும் நம் தோட்டப்புறக் குடும்பங்களை என்ன பாடுபடுத்தின என்பதை நானும் அறிவேன். யாரையும் காய்ச்சச் சொல்லவில்லை. ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்டும் பீரில் உள்ள ஈஸ்டும் நெருங்கிய உறவினர்கள் என்பதால், அங்கு எழும் சிக்கல்களே நம் சோதனைப் புட்டியிலும் எழுகின்றன. புட்டியில் உள்ளதை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பதும், இறுக்கமான மூடியால் புட்டியை அடைத்தால் அது வெடிக்கக்கூடும் என்பதும் என் வகுப்பின் முதல் விதிகள்.

பழுது பார்க்கும் இந்தப் பாடத்தை நான் கற்றது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அன்று. என் வீட்டு மாவுப் பாத்திரத்தில்!

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் தோசை மாவு தொடர்ந்து பல வாரங்கள் சரியாக வரவில்லை. நன்றாகப் புளிக்கும், ஆனால் பொங்காது. முதலில் உளுந்தைக் குறை சொன்னேன். பிறகு அரிசியை, உப்பை, குழாய் நீரை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். ஒருமுறை மாவு நன்றாகவே பொங்கியது. ஆனால் எதனால் பொங்கியது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் மீண்டும் பழைய கதை.

அதன்பின் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுவது, நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்தேன். நான்காம் முறை காரணம் அகப்பட்டது. கிரைண்டரின் பெல்ட் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. கல் மெதுவாகச் சுழன்றதால் உளுந்து பந்துபோல் பொங்கி வரவில்லை. பெல்ட்டை மாற்றியதும் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது.

அந்தப் புத்தகத்தில் நான் எழுதிவைத்தவற்றுள் சில:

மாவு பொங்கவும் இல்லை, புளிக்கவும் இல்லை என்றால், இடம் குளிர்ச்சியாக இருக்கலாம். நம் பினாங்கு வெப்பத்தில் இது அரிது. இரவில் ஏர்கோன் ஓடும் அறையில் வைத்தால் நேரும். உளுந்து பழையதாகவும் இருக்கலாம்.

புளித்தும் பொங்கவில்லை என்றால், வாயு உண்டாகியிருக்கிறது. மாவால் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை. உளுந்து குறைவு, அரைத்தது போதவில்லை, அல்லது மாவு நீர்த்துவிட்டது. மிக்சியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அரைத்தால் மாவு சூடேறாது.

அளவுக்கு மீறிப் புளித்தால், நேரம் கூடிவிட்டது. நம் ஊரில் ஏழெட்டு மணி நேரமே பெரும்பாலும் போதும். பொங்கியவுடன் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

இளஞ்சிவப்பு நிறமோ பூஞ்சையோ தென்பட்டால், ஆராய்ச்சி வேண்டா. மாவைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

இரண்டாவது குறிப்பைப் பாருங்கள். அந்த மாணவனின் புட்டிக்கு நேர்ந்ததும் அதுதானே? வாயு உண்டாயிற்று, தங்கவில்லை.

நொதித்தல் பற்றிய அறிவே ஒரு கெட்டுப்போன கலத்திலிருந்துதான் வளர்ந்தது. 1856ஆம் ஆண்டு, பிரான்சின் லீல் நகரில் லூயி பாஸ்டர் பேராசிரியராக இருந்தார். அவருடைய மாணவர் ஒருவரின் தந்தை பீட்ரூட்டிலிருந்து சாராயம் தயாரிப்பவர். தம் கலங்கள் புளித்துக் கெட்டுப்போவதாக அவர் முறையிட்டார். பாஸ்டர் நல்ல கலத்தையும் கெட்ட கலத்தையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தார். நல்லதில் உருண்டையான ஈஸ்ட். கெட்டதில் வேறு வடிவ நுண்ணுயிர்கள். 1857இல் புளிப்பு நொதித்தல் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. கெட்டதைக் கொட்டிவிட்டு நல்லதை மட்டும் ஆராய்ந்திருந்தால் அந்தக் கட்டுரை ஏது?

இன்னொரு வியப்பும் உண்டு. அந்தக் கலங்களைக் கெடுத்த புளிப்பு நுண்ணுயிர்களின் இனத்தாரே நம் மாவுக்கு உற்ற நண்பர்கள். இட்லி மாவைப் பொங்கவைப்பதில் லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியாவே முதன்மைப் பங்கு வகிக்கிறது என்பதை 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஓரிடத்தில் பழுது என்பது இன்னோரிடத்தில் உணவாகிறது.

அடுத்த அறிவியல் பாடவேளையில் நான் புதிய பாடம் நடத்தவில்லை. அந்த மாணவனின் குழுவை முன்னே அழைத்தேன். அதே புட்டி, அதே பலூன், புதிய ஈஸ்ட். நுரை வரத் தொடங்கியதும், "வாயு எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று வகுப்பைக் கேட்டேன். ஒரு மாணவி, மிதிவண்டி டியூபில் ஓட்டை பார்ப்பதுபோல் பார்க்கலாம் என்றாள். பலூனை ஊதித் தண்ணீரில் அமிழ்த்தினோம். குமிழி வரவில்லை. புட்டியின் கழுத்தில் சவர்க்கார நீரைத் தடவினோம். சற்று நேரத்தில், பலூன் விளிம்பு மடிந்திருந்த இடத்தில் குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பின!

அன்று எழுந்த கைதட்டல், நான்கு பலூன்கள் நிமிர்ந்த நாளில் எழுந்ததைவிடப் பெரிது.

அந்த மாணவனிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, அழித்ததை மையால் எழுதச் சொன்னேன். அதன் கீழே காரணத்தையும் எழுதினான். முழுமதிப்பெண் இட்டேன். அன்றுமுதல் என் வகுப்பு அறிக்கைகளில் ஒரு பகுதி கூடியிருக்கிறது: 'எதிர்பாராதது என்ன? காரணம் என்னவாக இருக்கலாம்?' அதற்கும் மதிப்பெண் உண்டு.

பெற்றோரே, உங்கள் பிள்ளை செய்தது சரியாக வராதபோது, 'ஏன் கெடுத்தாய்?' என்று கேட்குமுன் 'என்ன நடந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். முதற்கேள்விக்கு அழிப்பான்தான் விடையாக வரும். இரண்டாவதற்கு உண்மை வரும்.