கிரியேட்டினின் நார்மல் என்று நிம்மதியாக இருந்தேன்



இரண்டு மாதமாக டீச்சர் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் போனில் கேட்டீர்கள். "ஒண்ணுமில்லை, நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்தேன். அது பாதிப் பொய். ஒவ்வொருவரிடமும் சொல்லத் தெம்பில்லை. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து 17 வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் ரத்தம் கொடுப்பேன். கிரியேட்டினின் 0.8, 0.9 என்றுதான் வரும். பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்காது. எத்தனையோ ரேங்க் கார்டில் சிவப்பு மையால் கோடு போட்ட கை இது. கோடு இல்லையென்றால் பாஸ் என்றே கண் பழகிவிட்டது. ஃபைலில் வைத்து மூடிவிடுவேன்.

என் பெரியண்ணனும் அப்படித்தான் மூடி வைத்தார். கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. வாரத்துக்கு 3 டயாலிசிஸ், இரண்டு வருடம். மெஷினில் படுத்துக்கொண்டு, "தாகமா இருக்கும்மா, அரை டம்ளர் தண்ணி தாயேன்" என்று என்னிடம் கேட்பார். அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஜனவரியில், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் வீட்டுக்கு வந்தாள். இப்போது டாக்டர். காபி குடித்துக்கொண்டே என் ஃபைலைப் புரட்டினாள்.

"டீச்சர், யூரின்ல ஆல்புமின் எப்ப பார்த்தீங்க?"

"அது எதுக்கும்மா? கிரியேட்டினின் நார்மலாத்தானே இருக்கு?"

பேப்பரும் பென்சிலும் கேட்டாள். எனக்குப் பாடம் நடந்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. நான் 43 கிலோ. உடம்பில் தசையே கொஞ்சம், கழிவும் கொஞ்சம்தான் ஊறும். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டாலும் எண் அழகாகவே தெரியும். அதே 0.9 என் 20 வயதுப் பேரனுக்கு வந்தால், வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் ஜி.எஃப்.ஆர். சுமார் 125. எனக்கு, 66 வயதில், 70. "ஒரே மார்க், ஆனா வேற வேற கேள்வித்தாள், டீச்சர்" என்றாள். அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான்!

சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டால் பலருக்கு முதலில் தெரிவது சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் என்ற புரதத்தில். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது பின்னால்தான். வடிகட்டும் சக்தி பாதி போன பிறகுகூட ஏறலாம். ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 30-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 140. காய்ச்சல், நீர்த்தொற்று இருந்தாலும் கூடும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தோம். 128.

பிறகு ரத்தத்தில் சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொன்னாள். இந்தப் புரதம் உடம்பின் எல்லாச் செல்களிலும் உண்டாவது. தசையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. (தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரையால் இதுவும் மாறுமாம். எனக்கு அவை இல்லை.) விலை கிரியேட்டினினைவிடப் பல மடங்கு. 1.3 வந்தது. கணக்குப் போட்டால் 50. எழுபது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஐம்பது. அன்று இரவு அண்ணனின் அரை டம்ளர்தான் கண்ணில் நின்றது. இரண்டு மாதம் பேனா எடுக்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னும் முன்னேறிய ரத்தப் பரிசோதனைகளும் வந்துகொண்டிருக்கின்றன. டி.என்.எஃப். ரிசெப்டார் 1, 2, கிம்-1 என்ற மூன்றையும் வைத்து, யாருக்குச் சிறுநீரகம் வேகமாகக் கெடும் என்று கணிக்கும் ஒன்றை 2023-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்திருக்கிறது. நம் ஊர் லேபில் கேட்டால் விழிப்பார்கள். யூரின் டெஸ்ட் அப்படியில்லை, ஒரு சின்ன டப்பா போதும். 17 வருடத்தில் யாரும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பாதித் தப்பு என்னுடையது.

பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். அது புரதம் ஒழுகுவதையும் குறைக்குமாம். ஊறுகாய், அப்பளம் நிறுத்தியாயிற்று. மோர் மிளகாயை இன்னும் முழுசாக விடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிள்ளைகளே, உங்கள் மூன்று பேருக்கும் சர்க்கரை இருக்கிறது. இந்த வாரமே யூரின் ஆல்புமின் பாருங்கள். எண்ணை எனக்கு அனுப்புங்கள். "நார்மல்" என்று எழுதினால் ஏற்க மாட்டேன், எண் வேண்டும்.

சித்தி மகள் கேட்டிருந்தாள், முட்டி வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையைத் தொடரலாமா என்று. வேண்டாம்மா. அந்த வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு ஆகாதவை. டாக்டரிடம் அட்டையைக் காட்டிவிட்டுப் போடு.