புரொசசரை மாற்றும் காலம்

விளையாட்டுக் கணினியின் புரொசசரை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்குக் கடைக்காரர்களிடம் ஒரே விடைதான் உண்டு: இப்போதே. விளையாடும் பிள்ளைகளின் விடையும் ஏறக்குறைய அதுதான். பணம் அனுப்புகிறவரும், மின்சாரக் கட்டணம் செலுத்துகிறவரும், பரீட்சைப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறவரும் வேறு விடைகளை வைத்திருக்கிறார்கள். 2025 ஒக்ரோபரில் சுருவிலில் எங்கள் வீட்டில் இந்த விடைகள் எல்லாம் ஒரே மேசையில் மோதிக்கொண்டன. அந்த வழக்கில் என்னை நடுவராக இருத்திவிட்டார்கள்.

கேள்வியைக் கேட்டவன் என் தம்பியின் மகன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். "பெரியப்பா, கேம் இடையில நிண்டு நிண்டு போகுது. புரொசசரை மாத்தினால் சரிவருமோ?" என்றான். அவனுடைய கணினி, ரொறன்ரோவில் இருக்கும் இன்னொரு தம்பி, அதாவது அவனுடைய சித்தப்பா, 2018 இல் ஊருக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்தது. 2017 இல் வெளிவந்த ஏ.எம்.டி நிறுவனத்தின் ரைசன் 5 1600 புரொசசர், ஜி.ரி.எக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்ட், எட்டு ஜிகாபைட் ராம். அந்த நாளில் அது குறை சொல்ல முடியாத இயந்திரம்.

வெறும் விளையாட்டுத்தானே என்று அவனுடைய தகப்பனைப்போல நானும் தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால் அதற்குள் வேறொரு விடயம் இருந்தது. ரொறன்ரோவில் சனி இரவாகும்போது சுருவிலில் ஞாயிறு காலை. அந்த நேரத்தில் இவனும் அங்குள்ள சித்தப்பாவின் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து கவுன்ரர் ஸ்ட்ரைக் 2 விளையாடுவார்கள். அந்தப் பிள்ளைகள் சுருவிலைக் கண்டதில்லை. 1990 இல் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது புறப்பட்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. பூட்டிய வீடுகளும் ஆலயத் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் கதவுகளுமாகத்தான் ஊர் இருக்கிறது. அக்கரைப் பிள்ளைகளுக்கும் இக்கரைப் பிள்ளைக்கும் இடையில் மிஞ்சியிருந்த ஒரே பேச்சு அந்த ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம். இவனுடைய கணினி தடுமாறினால் அணி தோற்கிறது. தோற்றுக்கொண்டிருப்பவனை எத்தனை வாரம் அழைப்பார்கள்? அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குக் கேட்டது.

சித்தப்பா தொலைபேசியில், "முழுசா புதுசு ஒண்டு வாங்கிக் குடுங்கோ அண்ணை, நான் காசு அனுப்புறன்" என்றார். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் கேட்டபோது, புரொசசர், மதர்போர்ட், ராம் மூன்றையும் மாற்றவேண்டும் என்று பட்டியல் எழுதித் தந்தார்கள். கணினியைத் திறந்து பார்க்காமலே எழுதிய பட்டியல் அது. அந்தத் தொகை சித்தப்பாவின் எத்தனை வார மேலதிக நேர வேலை என்று கணக்குப் பார்த்தேன். சில வேளைகளில் பெருக்கல் வாய்பாடு மனச்சாட்சியின் வேலையைச் செய்யும்.

இங்கே விடயத்தைச் சற்று விளக்கவேண்டும். தீவுப்பகுதியில் பிறந்தவர்களுக்குக் கிணற்றை வைத்துச் சொன்னால் விளங்கும். எங்கள் மண்ணில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஊற்று மெதுவாகச் சுரக்கும் கிணற்றில் பெரிய பம்ப் ஒன்றைப் பூட்டினால் கூடுதலாகத் தண்ணீர் வராது. முதலில் காற்று வரும், பிறகு உப்பு வரும். மறுபுறம், நன்றாகச் சுரக்கும் கிணற்றில் ஓட்டை வாளியைக் கட்டி இறைத்தாலும் தோட்டம் காயும். குறை ஊற்றிலா வாளியிலா என்று அறியாமல் செலவு செய்வது வீண். கணினி விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், சுட்ட குண்டு எங்கே போகிறது என்று ஒவ்வொரு காட்சிக்கும் கணக்கிடுவது புரொசசர். அந்தக் கணக்கை வாங்கிப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்ட். இரண்டில் எது மெதுவோ அதன் வேகமே முழுக் கணினியின் வேகம்.

எது மெது என்று கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. விளையாட்டில் திரைத்துல்லியத்தைக் குறைத்துப் பார்க்கவேண்டும். குறைத்ததும் வேகம் கூடினால் கிராபிக்ஸ் கார்ட்தான் திணறியிருக்கிறது. எவ்வளவு குறைத்தாலும் வேகம் அசையாவிட்டால் திணறுவது பெரும்பாலும் புரொசசர். கிராபிக்ஸ் கார்ட் நூற்றுக்கு 97, 98 வீதம் உழைத்துக்கொண்டிருந்தால் அதுவே எல்லை. அது பாதி தூங்கிக்கொண்டிருக்கும்போது காட்சி தடுமாறினால் சந்தேகம் புரொசசர் பக்கம் திரும்பவேண்டும். புரொசசரின் மொத்தப் பயன்பாடு 50 வீதம் என்று காட்டுவதை நம்பி ஏமாறக்கூடாது. ஆறு கருக்களில் ஒன்று மூச்சு முட்ட ஓட, மற்றவை சும்மா நிற்கவும் கூடும்.

பையன் சோதித்தான். கிராபிக்ஸ் கார்ட் 55, 60 வீதத்தைத் தாண்டவில்லை. திரைத்துல்லியத்தைக் குறைத்தும் வேகம் அசையவில்லை. ஆக, அவனுடைய ஊகம் சரிதான். ஆனால் அந்த இடத்தில் நின்றுவிடாமல் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையில் தூசி கம்பளி போல அடைத்திருந்தது. உப்புக்காற்று அதை ஈரமாக்கி இறுக்கியிருந்தது. புரொசசருக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவிலே பூசும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சூடு கூடினால் புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். இன்னொன்று, எட்டு ஜிகாபைட் ராம் ஒரே தகடாக இருந்தது. இரண்டு தகடுகள் இருந்தால் தரவு இரண்டு வழியாக வரும், ஒன்று இருந்தால் ஒரு வழிதான். முதல் தலைமுறை ரைசன் புரொசசர்களுக்கு ராமின் வேகம் மிக முக்கியமானது. அந்த ராமின் முழு வேகத்துக்கான அமைப்பும் பயாஸில் முடக்கப்பட்டே கிடந்தது. ஏழு வருடமாக ஒருவரும் அதைத் தொடவில்லை.

துடைத்து, புதுப் பசை பூசி, அதே வகையில் இரண்டாவது ராம் தகடு ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். செலவு சிறிது. தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது. மீதி இருந்தது.

அந்த மீதியிலும் இரண்டு வகை கலந்திருப்பதை அவனுக்குச் சுட்டிக்காட்டினேன். காட்சி உறைவது ஒன்று. எதிரியைச் சுட்ட பிறகும் எதிரி ஓடிக்கொண்டிருப்பது இன்னொன்று. பின்னையதற்குப் புரொசசர் பொறுப்பல்ல. சுருவிலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். நேர்கோட்டில் ஒரு கம்பி கிடந்தாலும் போய்வர 130 மில்லிசெக்கன் வேண்டும். கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. ஆகவே உண்மையில் ஆகும் நேரம் அதைவிட மிகக் கூட. உலகத்தின் எந்தப் புரொசசரும் இந்தத் தூரத்தில் ஒரு முழத்தைக்கூடக் குறைக்காது. ஆனால் வட அமெரிக்க வழங்கியில் விளையாடுவதை விட்டு ஐரோப்பாவில் உள்ள வழங்கியில் விளையாடினால் சுமையை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ளலாம். அக்கரைப் பிள்ளைகளிடம் சொன்னபோது உடனே சம்மதித்தார்கள். அவர்களுக்கு இவன் எவ்வளவு தாமதத்தோடு விளையாடிக்கொண்டிருந்தான் என்பதே தெரிந்திருக்கவில்லை. இவன் ஒருநாளும் சொல்லவில்லை.

இனிப் புரொசசர். கடையில் சொன்னதுபோல மதர்போர்ட்டையும் மாற்றவேண்டுமா? இது எந்தப் பொருத்தியில் புரொசசர் அமர்கிறது என்பதைப் பொறுத்தது. இன்ரெல் நிறுவனம் 2017 இல் எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தபோது, பொருத்தியின் அளவு ஒன்றாக இருந்தும் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான பலகைகளில் அது வேலை செய்யாது என்று கைவிரித்தது. ஏ.எம்.டியோ தனது ஏ.எம்.4 பொருத்தியை நீண்டகாலம் வைத்திருந்தது. 2022 இல் பழைய 300 வரிசைப் பலகைகளுக்கும் ரைசன் 5000 வரிசையை அனுமதித்தது. எங்கள் பையனின் பலகை அந்த வகைதான். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600 இதில் அமரும். பழையதைப் போலவே இதற்கும் ஆறு கருக்கள், அதே 65 வாற். ஆனால் ஒவ்வொரு கருவும் ஒரு துடிப்பில் செய்யும் வேலை மிகக் கூட. அருகில் வைத்திருக்கும் மூன்றாம் நிலைத் தற்காலிக நினைவகம் 16 மெகாபைட்டிலிருந்து 32 ஆகிறது. கருக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் புரொசசர் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 க்குரிய அதிகாரபூர்வப் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. மேலதிகப் பாதுகாப்புத் திட்டம் ஓராண்டு அவகாசம் தந்தது. கால எல்லை என்பது இப்படித்தான் இருக்கவேண்டும். புதியது வந்துவிட்டது என்பது காரணமல்ல, பழையது இன்ன நாளில் இன்ன வேலைக்கு உதவாது என்பதே காரணம்.

விலையும் ஒரு காரணம். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350 ஐத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. 2025 இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ராம் விலை உலகெங்கும் ஏறியது. மைக்ரோன் நிறுவனம் குருஷல் என்ற தன் நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. புதிய பலகைக்குப் போனால் டி.டி.ஆர் 5 ராம் வாங்கவேண்டும். பழைய பலகையிலேயே இருந்தால் கையில் உள்ள டி.டி.ஆர் 4 போதும். கடைக்காரரின் பட்டியலை அப்போது ஏற்றிருந்தால், விலை ஏறிக்கொண்டிருந்த பொருளைத் தேடிப்போய் வாங்கியிருப்போம்.

எஞ்சியது மின்சாரம். புதிய புரொசசரைப் பொருத்துமுன் பழையதை வைத்துக்கொண்டே பயாஸைப் புதுப்பிக்கவேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்குள் மின் போனால் பலகை பயனற்றுப் போகலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்ன நாடு. 1990 களில் யாழ்ப்பாணத்தார் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் செய்தி எழுதினோம், கோடிட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்டோம். அந்த நாட்களில் எந்த இயந்திரத்தைத் தொடுமுன்னும் எத்தனை நிமிட மின் கையில் உண்டு என்று எண்ணிப் பார்த்துத்தான் தொடுவோம். அந்தப் பழக்கம் போகவில்லை. யு.பி.எஸ் இல்லாமல் பயாஸில் கைவைக்கக்கூடாது என்று தீர்ப்பின் முதல் வரியாக எழுதினேன்.

இரண்டாவது வரி, பரீட்சைக்குப் பிறகு. இதுதான் அவனுக்குக் கசந்தது. "ஞாயிறு விளையாட்டை விடச் சொல்லேல்லை. இருக்கிறதோட விளையாடு. சோதினை முடியட்டும், பிறகு மாத்துவம்" என்றேன். பரீட்சையும் அவனைச் சும்மா விடவில்லை. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து எல்லாவற்றையும் குழப்ப, எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில்தான் நடந்தன. அதுவரை அவன் முறையிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணித்தியாலம் விளையாடிவிட்டு எழும்பினான். தகப்பனுக்கே அது வியப்பு.

தை மாதத்தில் ஒரு திருமணத்துக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினரின் கைப்பையில் புரொசசர் வந்தது. முழுக் கணினிக்கென்று சித்தப்பா ஒதுக்கியிருந்த பணத்தில் சிறு பங்கே செலவானது. மீதியை என்ன செய்வது என்று கேட்டார். வேறு எதுவும் வாங்கவேண்டாம், அடுத்த கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு விமானச் சீட்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளட்டும் என்றேன். பார்ப்போம் என்றிருக்கிறார். புலம்பெயர்ந்தவர்கள் சொல்லும் "பார்ப்போம்" என்ற சொல்லின் எடை வாசகர்கள் பலருக்குத் தெரியும். ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை.

புரொசசரை எப்போது மாற்றுவது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் அளந்து பாருங்கள். பிறகு துடைத்துப் பாருங்கள். உங்கள் பலகை எதுவரை தாங்கும் என்று விசாரியுங்கள். அதன் பிறகும் குறை புரொசசரில்தான் என்றால், உங்கள் வீட்டில் யாருடைய எந்த அலுவல் அதற்கு முன் முடியவேண்டும் என்று பார்த்து ஒரு நாளைக் குறியுங்கள்.

சென்ற ஞாயிறு பையன் விளையாடும்போது பக்கத்தில் இருந்தேன். காட்சி ஒருதரமும் நிற்கவில்லை. முற்றத்தில் சேவல் கூவியது ஒலிவாங்கி வழியாக அங்கே கேட்டிருக்கிறது. அது என்ன சத்தம் என்று சின்னவள் ஆங்கிலத்தில் கேட்டாள். இவன் தமிழில் சொன்னான். பிறகு துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து, கனநேரம் சேவலையும் கிணற்றையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுற்றில் தோற்றுவிட்டார்கள்.