பந்தியில கடைசி இலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, உட்கார்ந்ததும் வேற ஏதாவது மொக்கையைப் போட்டுட்டு எழுந்து போயிடற விஷயம் இது. காரணம் ரொம்ப சிம்பிள். இந்தக் கதையில ஹீரோ நான் இல்லை, வில்லன்தான் நான். இன்னைக்கு ஆணி கம்மி, டேமேஜரும் லீவு. அதனால கொசுவத்தியைச் சுத்திடறேன். பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம். புரியலைன்னா தப்பு என்னோடதுதான்.

மேட்டர் யூனிட் டெஸ்டிங். அதுலயும் குறிப்பா, ஒரு பட்டியல்ல இருக்கற ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரே வேலையைச் செய்யற குட்டிக் குட்டி உதவி ஃபங்ஷன்களை டெஸ்ட் பண்றது. ஓடிடாதீங்க, விளக்கறேன்.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. இலை போட்டு வரிசையா உட்கார்ந்திருக்காங்க. சாம்பார் வாளியோட ஒருத்தர் வர்றார். முதல் இலைக்கு ஒரு கரண்டி, அடுத்த இலைக்கு ஒரு கரண்டி, அப்படியே கடைசி இலை வரைக்கும். மொண்டு ஊத்தறது ஒரு வேலை. யாரையும் விடாம வரிசையா நடந்து போறது இன்னொரு வேலை. புரோகிராம்லயும் அதேதான். ஊத்தறது ஒரு ஃபங்ஷன், நடக்கறது இன்னொரு ஃபங்ஷன். இந்த நடக்கற ஃபங்ஷன் ஒண்ணும் புதுச் சரக்கு இல்லை. 1960-ல ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைப் பத்தி எழுதின கட்டுரையிலேயே மேப்லிஸ்ட்னு ஒண்ணு கிட்டத்தட்ட இதே வேலையைப் பார்க்குது. இப்போ பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட்னு எதைத் திறந்தாலும் மேப், ஃபார்ஈச்னு ஏதோ ஒரு பேர்ல உட்கார்ந்திருக்கும்.

ரெடிமேடா இருக்கறப்போ நீ எதுக்குய்யா சொந்தமா எழுதினேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ரெடிமேட் ஐட்டம், நடுவுல ஒரு இலை கிழிஞ்சிருந்தா வாளியைக் கீழ வச்சுட்டு ஊரைக் கூட்டும். எனக்கு சத்தம் ஆகாது. லாக் ஃபைல்ல ஒரு வரி எழுதிட்டு பேசாம இருக்கணும். அதனால பத்து வரியில நானே ஒண்ணு எழுதினேன். அங்கதான் சனி பிடிச்சது.

இது நடந்தது 2012 செப்டம்பர். அப்போ நான் சென்னையில ஒரு சின்ன கம்பெனியில குப்பை கொட்டிட்டு இருந்தேன். எங்க கஸ்டமர்ல ஒண்ணு, வாட்ச்மேன் அனுப்பற ஒரு ஏஜென்சி. அவங்களுக்கு சம்பள சாஃப்ட்வேர். எக்செல்ல இருந்து ஆளுங்க பட்டியலை எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் அக்கவுன்ட் நம்பர், தொகைன்னு ஒரு வரி எழுதி, பேங்க்குக்கு ஏத்தற ஃபைலைத் தயார் பண்ணணும். 340 பேர். 340 வரி. என் பத்து வரி ஃபங்ஷன்தான் அந்த 340 பேரையும் வரிசையா சுத்தி வர்ற ஆளு.

டெஸ்ட் எழுதாம விட்டேன்னு நினைக்காதீங்க. அந்த டீம்லயே டெஸ்ட் எழுதறவன்னு பேர் வாங்கினவன் நான். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-ல ஜூரிக்ல இருந்து அட்லான்டா போற விமானத்துல உட்கார்ந்தே ஜேயூனிட்டை எழுதினாங்கங்கற கதையை, கேட்டவங்க கேட்காதவங்க எல்லார்கிட்டயும் சொல்லி உயிரை வாங்குவேன். இந்த ஃபங்ஷனுக்கும் மூணு டெஸ்ட் எழுதி வச்சிருந்தேன்.

ஒண்ணு: மூணு நல்ல ஆளுங்களைக் கொடு, மூணு வரி வருதா பாரு.

ரெண்டு: காலிப் பட்டியலைக் கொடு, வெடிக்காம இருக்கா பாரு.

மூணு: ஒரே ஒரு ஆளு, அவருக்கும் அக்கவுன்ட் நம்பர் இல்லை. வெடிக்காம லாக்ல எழுதுதா பாரு.

மூணும் பச்சை. எத்தனை வரி டெஸ்ட்ல ஓடிச்சுன்னு கணக்கு சொல்ற கவரேஜ் டூல் 100 சதவீதம்னு சொல்லிச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து டேமேஜருக்கு மெயில் வேற அனுப்பினேன். ஹி ஹி.

செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை. சம்பள நாள். சாயங்காலம் ஏஜென்சி அக்கவுன்டன்ட் போன். "சார், நிறைய பேருக்கு சம்பளம் விழலைங்கறாங்க." நான் கிளம்பற அவசரத்துல இருந்தேன். லாக் ஃபைலைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். திறக்கலை. "எங்க சைடுல எல்லாம் கிரீன் சார். பேங்க்ல கேளுங்க." அவரும் நம்பி பேங்க்ல போய் சண்டை போட்டிருக்கார். அவங்க, வந்ததையெல்லாம் ஏத்தியாச்சுன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது உண்மை.

மறுநாள் சனிக்கிழமை ஆபீஸ் போனேன். எங்க கேட்டுல நிக்கற வாட்ச்மேன் தாத்தாவும் அதே ஏஜென்சி ஆளுதான். தினமும் வண்டியை நிறுத்தறப்போ ரெண்டு வார்த்தை பேசுவோம். அன்னைக்கு முகம் சரியில்லை.

"என்ன தாத்தா?"

"சம்பளம் வரல தம்பி. ஹவுஸ் ஓனரு நேத்து ராத்திரியே வாசல்ல வந்து நின்னுட்டாரு."

"பேங்க்ல ஏதோ பிரச்சனையாம் தாத்தா. வந்துடும்." அசராம சொன்னேன்.

அவர் விடலை. "அது என்னா பேங்க்கு தம்பி, ஏ, பி, சி, டி காரனுக்கெல்லாம் போட்டுட்டு எம்முக்கு அப்புறம் ஒருத்தனுக்கும் போடாம வுட்டுது? நான் எல்லாருக்கும் போனைப் போட்டு கேட்டுட்டேன். எனக்கு 'வி'. ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடறதுலயே எப்பவும் கடைசி பக்கம்தான்."

எனக்கு வயித்துல ஏதோ புரண்டுச்சு. பேங்க்குக்கு இங்கிலீஷ் எழுத்து வரிசை எதுக்கு? எழுத்து வரிசையில இருக்கறது எங்க பட்டியல். பாதியில நின்னிருந்தா, அதைச் சுத்தி வர்ற ஆளுதான் நின்னிருக்கணும்.

மாடிக்கு ஓடிப் போய் லாக் ஃபைலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. 118வது ஆளு புதுசா சேர்ந்தவர், எக்செல்ல அக்கவுன்ட் நம்பர் கட்டம் காலி. பேங்க் ஃபைல்ல 117 வரி. 223 பேர் அந்த ஃபைல்லயே இல்லை. மொத்தத் தொகை இடிக்குமே, யாரும் பார்க்கலையான்னு கேட்பீங்க. மொத்தத்தையும் அந்த 117 வரியில இருந்துதான் என் புரோகிராம் கூட்டிப் போட்டிருந்தது. கணக்கு டாண்ணு சரியா இருந்துச்சு!

தப்பு இதுதான். பிரச்சனை வந்தா பிடிக்கற வலையை, ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியா விரிக்காம, மொத்தப் பந்திக்கும் சேர்த்து வெளியில விரிச்சிருந்தேன். பைத்தான்ல சொன்னா, ட்ரை லூப்புக்கு உள்ள இருக்கணும், நான் வெளியில வச்சிருந்தேன். 118வது இலை கிழிஞ்சதும் சாம்பார்காரர் டைரியில "118 கிழிஞ்ச இலை"ன்னு நல்ல பிள்ளையா எழுதிட்டு, வாளியோட வீட்டுக்குப் போயிட்டார்.

இப்போ என்னோட மூணாவது டெஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்க. ஒரே ஆளு, அவரும் தப்பான ஆளு. வலை உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் லாக்ல ஒரு வரி, வேற ஒண்ணும் நடக்காது. ஒரே ஒரு இலை போட்ட பந்தியில, அடுத்த இலைக்குப் போறவரும் வீட்டுக்குப் போறவரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க. தப்பான ஆளைக் கடைசியில வச்சாலும் அதே கதை. அவருக்கு அப்புறமா ஒரு நல்ல ஆளு இருந்தாத்தான் குட்டு வெளிப்படும். கவரேஜ் 100 சதவீதம் எப்படி வந்துச்சுன்னும் அப்போதான் புரிஞ்சது. எல்லா வரியும் ஓடிச்சு, வாஸ்தவம். கிழிஞ்ச இலைக்கு அடுத்த இலைன்னு ஒண்ணை நான் போடவே இல்லைங்கறது அந்த டூலுக்கு எப்படித் தெரியும்? நான் டெஸ்ட் பண்ணது எல்லாம் ஊத்தறதை. நடக்கறதை டெஸ்ட் பண்ணவே இல்லை.

ஃபைலைச் சரி பண்ணி அனுப்பறதுக்குள்ள பேங்க் மூடியாச்சு. அப்போல்லாம் சனிக்கிழமை அரை நாள்தான். அக்கவுன்டன்ட்டுக்குப் போன் பண்ணி, பேங்க் மேல தப்பில்லை சார், என் புரோகிராம்தான்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். டேமேஜர் அந்தக் குறையைத் தீர்த்து வச்சார்.

திங்கட்கிழமை 10ஆம் தேதிதான் பணம் விழுந்தது. அன்னைக்கு சாயங்காலம் தாத்தாகிட்ட போய் நின்னேன்.

"தாத்தா, தப்பு பேங்க்ல இல்லை. அந்த புரோகிராமை எழுதினது நான்தான்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அய்யய்யே, ரெண்டு நாளா பேங்க்காரனை இல்ல நான் திட்டிக்கினு இருந்தேன்?" அப்புறம் பீடியைப் பத்த வச்சுக்கிட்டு சொன்னார். "சரி வுடு தம்பி. அடுத்த மாசம் கடைசி பக்கத்துலருந்து ஆரம்பிக்கச் சொல்லு."

சிரிச்சேன். ஆனா அது மண்டையிலயே உட்கார்ந்துடுச்சு. அதுக்கு அப்புறம் வருவோம்.

ஃபங்ஷனைத் திருத்தி எழுதினேன். வலையை உள்ள தள்ளினா மட்டும் போதாது. அப்போ 339 பேருக்கு வந்திருக்கும், அந்தப் புது ஆளு மட்டும் யாருக்கும் தெரியாம பட்டினி. அதனால இப்போ அது ரெண்டு பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும்: முடிஞ்சவங்க, முடியாதவங்க. ரெண்டையும் கூட்டினா உள்ள போன எண்ணிக்கை வரணும். 339 கூட்டல் 1, 340. இடிச்சா ஃபைலே உருவாகாது. இந்தக் கூட்டல் ஒரு டெஸ்ட்.

அதுக்கப்புறம் இந்த மாதிரி ஃபங்ஷன் எங்க பார்த்தாலும் சில பந்திகளைப் போட்டுப் பார்க்கறது பழக்கமாயிடுச்சு. நண்பர்களுக்கு உபயோகப்படும்னு சொல்றேன்.

கிழிஞ்ச இலை முதல்ல, நடுவுல, கடைசியில. மூணையும் தனித்தனியா போடுங்க.

ஒரே ஆளு ரெண்டு தடவை இருக்கற பட்டியல். நடக்கறப்பவே பட்டியல்ல கை வைக்கறவங்க இருக்காங்க. பைத்தான்ல 1, 2, 2, 3ன்னு ஒரு பட்டியலை எடுத்து, சுத்திக்கிட்டே 2 வந்தா தூக்குன்னு சொல்லுங்க. ஒரு 2 தப்பிச்சுடும். ஒருத்தரை எழுப்பினதும் பக்கத்துல இருந்தவர் நகர்ந்து வந்து உட்கார்ந்துக்கறார், பரிமாறறவர் அவரைத் தாண்டிப் போயிடறார்.

ஒவ்வொரு இலைக்கும் என்னென்ன கையில போகுதுன்னு பாருங்க. ஜாவாஸ்கிரிப்ட் மேப் ஐட்டத்தோட அது எத்தனாவதுன்னும் சேர்த்துக் கொடுக்கும். "1", "2", "3"ங்கற எழுத்துகளை பார்ஸ்இன்ட் வச்சு எண்ணா மாத்தச் சொன்னா, 1 மட்டும் ஒழுங்கா வரும், மத்த ரெண்டும் எண்ணே இல்லைன்னு வரும். அந்த எத்தனாவதை பார்ஸ்இன்ட் எண்முறையோட அடிமானம்னு எடுத்துக்குது. இதையும் ஒரே ஐட்டம் வச்சு டெஸ்ட் பண்ணா பச்சைதான் எரியும்.

நிஜமாவே நடந்துச்சான்னு பாருங்க. பைத்தான் 3 வந்ததுல இருந்து, அதாவது 2008 டிசம்பர்ல இருந்து, மேப் உடனே எதையும் செய்யறதில்லை. சாப்பிட வந்தவர் கேட்டாத்தான் ஊத்தும். யாரும் கேட்கலைன்னா வாளி நிறைஞ்சபடியே இருக்கும்.

கடைசியா, டெஸ்ட்டுக்கு உள்ளயே லூப் போட்டு சரி பார்க்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வந்த பட்டியல் காலியா இருந்தா லூப் ஒரு தடவை கூட சுத்தாது, டெஸ்ட் பச்சையா சிரிக்கும். முதல்ல எண்ணிக்கையைப் பாருங்க, அப்புறம் உள்ள போங்க.

இப்போ தாத்தா சொன்னது. ஒரு டெஸ்ட் எழுதினேன். பட்டியலை ஒரு தடவை நேரா ஓட்டு, இன்னொரு தடவை தலைகீழா திருப்பி ஓட்டு. ரெண்டு தடவையும் சம்பளம் வாங்கற ஆளுங்க அதே ஆளுங்களா இருக்கணும். பழைய ஃபங்ஷனை இதுல போட்டுப் பார்த்தேன். நேரா போனா 117 பேர், தலைகீழா போனா வேற 222 பேர். உடனே சிவப்பு. நான் யோசிச்சு எழுதின மூணு டெஸ்ட்டும் பிடிக்காததை, அவர் பீடி பத்த வச்சுக்கிட்டு சொன்ன ஒண்ணு பிடிச்சிருக்கும்.

அந்த டெஸ்ட்டுக்குக் 'கடைசி பக்கம்'னு பேர் வச்சேன். பேர் புரியலை, மாத்துன்னு டேமேஜர் சொன்னார். மாத்தலை. அந்த கம்பெனியை விட்டு வந்து வருஷம் ஆச்சு. புது ஆபீஸ்ல இப்படி ஒரு ஃபங்ஷன் எழுதினா முதல்ல எழுதற டெஸ்ட் அதுதான், அதே பேர்ல.

பி.கு: யாராவது போன் பண்ணி "வேலை செய்யலை"ன்னா, பச்சை விளக்கைப் பார்த்துப் பதில் சொல்லாதீங்க மக்கா. லாக் ஃபைலைத் திறக்க ஒரு நிமிஷம்தான். நான் அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சதுல 223 பேருக்கு மூணு நாள் போச்சு.