செடிக்கு என்ன லாபம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. எம்ஆர்டியில நின்னுகிட்டுப் படிக்கிறவங்க இடம் கிடைச்சதும் உட்கார்ந்து படிங்க.

நம்ம கோவில்ல சனிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்ட வர்ற தொண்டூழியர்கள் எல்லாருக்கும் நம்ம செடிக் குழுவைத் தெரியும். போன ஒரு மாசமா ஆளாளுக்கு என்னைத் தனியா பிடிச்சு, "என்னண்ணே, குழு உடைஞ்சு போச்சாமே?" என்று கேக்குறாங்க. உடையல. ஆனா உடையிற இடம் வரைக்கும் போச்சு. அதுல என் பங்கும் இருக்கு. வேற யாரும் வேற மாதிரி சொல்றதுக்குள்ள நானே எழுதிடுறேன்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. 2020ல ஏப்ரல் 7ல இருந்து ஜூன் 1 வரைக்கும் சர்க்கிட் பிரேக்கர். கோவில் வாசல் வரைக்கும் கூட போக முடியல. சாமி படத்துக்கு வைக்க நாலு பூ கிடைக்கிறது பெரும்பாடு. அப்போ சமையல்கட்டு ஆளுங்க ஏழு பேர் சேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு குழு ஆரம்பிச்சோம். வீவக காரிடார்ல யார் யார் என்ன தொட்டி வச்சிருக்காங்க, யாருகிட்ட துளசி நாத்து இருக்கு, யாருகிட்ட நந்தியாவட்டை கிளை வாங்கலாம், அவ்வளவுதான் பேச்சு. இன்னைக்கு 140 பேருக்கு மேல இருக்கோம். விநாயகர் சதுர்த்திக்கு வர்ற அருகம்புல்லுல பாதி நம்ம ஆளுங்க தொட்டியில வளர்ந்தது. காசு கொடுத்தா தேக்கா மார்க்கெட்ல எல்லாம் கிடைக்கும், உண்மைதான். ஆனா பத்தாவது மாடியில தான் வளர்த்த புல்லைக் கையில கொண்டு வந்து கொடுக்கிறவங்க முகத்தைப் பார்த்திருக்கீங்களா?

குழுவுக்கு உயிரே ஒரு ஆன்ட்டிதான். வயசு 74. டைப் பண்ணத் தெரியாது, குரல் பதிவு மட்டும்தான். நீங்க இலையைப் படம் எடுத்துப் போட்டா அரை மணி நேரத்துல பதில் வரும். "தம்பி, அது மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, தண்ணியில கலந்து, சாயங்காலமா அடி. மத்தியானம் அடிச்சா இலை கருகிடும்." பின்னாடி அவங்க வீட்டு மிக்ஸி சத்தமும் கேக்கும். இப்படி அஞ்சு வருஷப் படம், அஞ்சு வருஷக் குரல் அதுல கிடக்கு.

2025 மே 3ஆம் தேதி நம்ம பொதுத்தேர்தல் நடந்துச்சு. சமயத்தையும் அரசியலையும் கலக்கக்கூடாதுன்னு பிரதமர் லாரன்ஸ் வோங் பிரசார நேரத்துலயே பேசினார். குழுவுல அதுக்கு வேலையே இல்லாம போச்சு. அந்த ஒன்பது நாள் பிரசாரத்துல நம்ம ஆளுங்க ஒரு கட்சிப் படம் கூட போடல. எங்க அப்பா 1964 கலவரத்தைக் கண்ணால பார்த்தவர். அந்த ஜூலை மாசத்தைப் பத்திக் கேட்டா பேச்சை மாத்திடுவார். அந்தப் பயம் நமக்கெல்லாம் ரத்தத்துலயே இருக்குன்னு நினைச்சுப் பெருமைப்பட்டேன். உள்ளூர் தேர்தல்ல வராத சண்டை மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து வரும்னு எதிர்பார்க்கல.

செப்டம்பர் கடைசி வாரம். நவராத்திரி நடக்குது. இந்தியாவுல அரட்டை செயலியைப் பத்தித்தான் எங்க பார்த்தாலும் பேச்சு. ஸோஹோ நிறுவனத்தோடது. 2021லயே வந்தது, ஆனா யாரும் பெருசா கண்டுக்கல. ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 விழுக்காடு வரி போட்டதும், சுதேசிப் பொருளையே வாங்குங்கன்னு பிரதமர் மோடி பேசினதும், மத்திய அமைச்சர்கள் இந்தச் செயலிக்கு மாறச் சொன்னதும் எல்லாம் சேர்ந்து வந்துச்சு. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகிட்டு இருந்தது மூணே நாள்ல 350,000 ஆயிடுச்சுன்னு ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே எழுதினார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வரும்போது அந்தச் செயலியைப் பத்திப் படிச்சேன். தென்காசி பக்கத்துல ஒரு கிராமத்துல உட்கார்ந்துகிட்டு ஒருத்தர் உலகத்துக்கே மென்பொருள் விக்கிறார், அதுக்குத் தமிழ்ப் பேரும் வச்சிருக்கார்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. யாரோ அனுப்பின படத்தை அப்படியே குழுவுல தட்டிவிட்டு, "தமிழன் செஞ்சது! நாமளும் மாறலாமே?" என்று எழுதினேன். நல்லா கவனிங்க, ஆரம்பிச்சவன் நான். அந்தப் படத்துல கீழ ஓரமா ஒரு கட்சி சின்னம் இருந்ததை நான் பார்க்கவே இல்ல. தொழிற்சாலையில மத்தவன் ஒரு லேபிளை விட்டுட்டா திட்டுறவன் நான்.

பத்து நிமிஷத்துல ஒருத்தர், இந்தச் சின்னம் எதுக்கு இங்கன்னு கேட்டார். இன்னொருத்தர், அந்த நிறுவனர் எந்த மேடைக்குப் போனார்னு பழைய படம் ஒன்னைத் தேடிப் போட்டார். சமையல்கட்டுல என்கூட 22 வருஷமா அடுப்புப் பக்கம் நிக்கிற நண்பர், "அமெரிக்காக்காரன் செயலியை வச்சுகிட்டு சாமி கும்பிடுறியே, வெக்கமா இல்லையா?" என்றார். அதுக்கு ஒரு பதில். அந்தப் பதிலுக்கு ஒரு பதில். திராவிடம், தேசியம், இந்தி, மத்திய அரசு, மாநில அரசு. செடியைக் காணோம். நடுவுல ஒரு அக்கா தன் வெற்றிலைக் கொடிக்கு மஞ்சள் புள்ளி வந்திருக்குன்னு படம் போட்டாங்க. யாரும் திரும்பிப் பார்க்கல.

மறுநாள் 27ஆம் தேதி, ரெண்டாவது புரட்டாசி சனி. காலையில இருந்து கோவில்ல நின்னு கால் வீங்கிப் போச்சு. போனை சைலன்ட்ல போட்டுட்டு பத்து மணிக்கே படுத்துட்டேன். அன்னைக்கு ராத்திரிதான் கரூர்ல நடிகர் விஜய் கட்சிக் கூட்டத்துல நெரிசல். 41 உயிர் போச்சு, சின்னக் குழந்தைங்க உட்பட.

விடியக்காலை அஞ்சரைக்கு எழுந்து போனைப் பார்த்தேன். குழுவுல நூத்துக்கு மேல செய்தி. யாரு தப்பு, போலீஸ் தப்பா, கட்சி தப்பா, மின்சாரத்தை நிறுத்தினது யாரு, இதுக்குப் பின்னாடி யாரு. ஒவ்வொருத்தரும் அங்க நேர்ல நின்னு பார்த்த மாதிரி எழுதியிருந்தாங்க. மேல தள்ளிக்கிட்டே போனேன். ராத்திரி 11.20க்கு ஒரு தம்பி எழுதியிருந்தது கண்ணுல பட்டுச்சு. அவர் துவாஸ் பக்கம் தங்குவிடுதியில இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வந்தா கோவில்ல பாத்திரம் கழுவிட்டுத்தான் போவார். விடுதியில தொட்டி வைக்க இடம் இல்ல, ஆனாலும் ஊர்ல அம்மா போட்டிருக்கிற தோட்டத்துக்காக நம்ம குழுவுல இருக்கார்.

அவர் எழுதினது இவ்வளவுதான்: "கரூர்ல யாருக்காவது ஆள் தெரியுமா? என் தங்கச்சி மகன் கூட்டத்துக்குப் போயிருக்கான். போன் எடுக்கல."

அதுக்குக் கீழ எண்ணினேன், 63 செய்தி. ஒன்னு கூட அவருக்கு இல்ல. நம்ம குழுவுல கரூர், குளித்தலை, நாமக்கல் பக்கத்து ஆளுங்க குறைஞ்சது ஆறு பேர் இருக்காங்க. ஒருத்தர் ஒரு போன் போட்டிருந்தா போதும்.

உடனே கூப்பிட்டேன். பையன் கிடைச்சுட்டானாம். செருப்பும் போனும் நெரிசல்ல போச்சு, நம்ம நேரத்துக்கு ரெண்டு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்திருக்கான். அது வரைக்கும் இந்தத் தம்பி விடுதிப் படிக்கட்டுல உட்கார்ந்திருந்திருக்கார். "ஏம்ப்பா, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். "இல்லண்ணே, எல்லாரும் ஏதோ முக்கியமா பேசிட்டு இருந்தாங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்" என்றார்.

இதை எழுதும்போது கூட எனக்குத் தொண்டை அடைக்குது.

போனை வச்ச கையோட கோபத்துல ஒரு காரியம் செஞ்சேன். திரையில கடைசியா இருந்த செய்திகளை அழிச்சேன். அது எல்லாம் என் நண்பர் எழுதினது. முதல் நாள் அவரை வம்புக்கு இழுத்தவர் எழுதினது மேல இருந்துச்சு. அதை எப்படி அழிப்பேன், கண்ணுலயே படலையே. நிர்வாகி மட்டும்தான் எழுத முடியும்னு மாத்திட்டு வேலைக்குப் போயிட்டேன். மத்தியானம் பார்த்தா நண்பர் குழுவை விட்டு விலகியிருந்தார். எனக்குத் தனியா ஒரு வரி: "உன் தமிழன் படம் மட்டும் அப்படியே இருக்கு, என்னுடையதுதான் குப்பையா?" அவர் கேட்டது நியாயம். என் படம் அப்படியேதான் இருந்துச்சு.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர் காப்பிக்கடையில உட்கார்ந்தோம். நண்பர் வரல. நான் படிச்சது ஓ லெவல், செய்யிற வேலை சூப்பர்வைசர், எனக்குத் தெரிஞ்ச வழி ஒன்னுதான். தொழிற்சாலையில புது மெஷின் வாங்கணும்னா எந்த நாட்டுக்காரன் செஞ்சான்னு யாரும் சண்டை போட மாட்டோம். ஸ்பேர் பார்ட் கிடைக்குமா, கத்துக்க எத்தனை நாள் ஆகும், நின்னு போனா யார் வருவா, இதைத்தான் கேப்போம். அதனால ஒரு நிபந்தனை வச்சேன்: எந்தச் செயலி வேணும்னாலும் சொல்லுங்க, ஆனா காரணம் செடியைப் பத்தியோ, செடி வச்சிருக்கிறவங்களைப் பத்தியோ இருக்கணும். யாராவது வழுக்கிப் போனா மத்தவங்க, "செடிக்கு என்ன லாபம்?" என்று கேக்கணும். முதல் கால் மணி நேரத்துல நானே ரெண்டு தடவை மாட்டிக்கிட்டேன்.

கேட்டுப் பார்த்தா நல்ல காரணங்கள் நிறைய வந்துச்சு. டெலிகிராம்ல போன் நம்பரை மறைக்கலாம், தெரியாத ஆளுங்க கூப்பிடுறாங்கன்னு ரெண்டு அக்காங்களுக்கு ரொம்ப நாள் கவலை. அதே டெலிகிராம் குழுவுல எழுதுறது முனைக்கு முனை மறையாக்கம் ஆகிறது இல்ல. அரட்டையிலயும் அப்போ அழைப்புக்கு மட்டும்தான் அது இருந்துச்சு, எழுத்துக்கு இல்ல. கொண்டு வரப்போறோம்னு சொல்லியிருந்தாங்க. வாட்ஸ்அப்ல 2016ல இருந்தே இருக்கு. ஆனா 2021ல அவங்க விதிமுறையை மாத்தினப்போ நாமளும் பயந்து பாதிப் பேர் சிக்னல் இறக்கினோமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு வாரத்துல எல்லாரும் திரும்பி வந்துட்டோம். ஏன்னா ஆன்ட்டி வரல. அவங்க பழைய போன்ல மகள் வாட்ஸ்அப்பை மட்டும் முதல் பக்கத்துல வச்சுக் கொடுத்திருக்கா. அதைத் தாண்டி அவங்க போறது இல்ல.

இந்தத் தடவையும் முடிவு அதேதான். இருக்கிற இடத்துலயே இருக்கிறது. அரட்டைக்குப் போக ஆசைப்பட்ட நாலு பேர் அங்க ஒரு செடிக் குழு வச்சுக்கலாம், யாரும் துரோகின்னு சொல்லக்கூடாது. இன்னொன்னு, என் அண்ணன் மகள் பாதிப் பழைய படத்தையும் ஆன்ட்டியோட குரல் பதிவுகளையும் செடி பேர் போட்டுத் தனியா எடுத்து வச்சிருக்கா, மீதி நடக்குது. எங்க வேலையில ஒரே சப்ளையரை நம்பி நிக்கக்கூடாதுன்னு சொல்லுவோம். சரக்கு நம்ம கையில இருந்தா, நாளைக்கு எந்தக் கம்பெனி என்ன செஞ்சாலும் மறுநாளே நடையைக் கட்டலாம்.

வீட்டுல மகள்கிட்ட இதைச் சொன்னேன். "அப்பா, வாட்ஸ்அப்லயே இருக்கிறதும் ஒரு அரசியல்தான். அது யார் கம்பெனின்னு பாருங்க" என்றாள். அவளுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. செடிக்கு என்ன லாபம்னு கேட்டுப் பார்த்தேன், சிரிச்சுட்டுப் போயிட்டா.

என் தமிழன் படத்தை எல்லாரும் பார்க்கவே அழிச்சேன். துவாஸ் தம்பிகிட்ட குழுவுல வச்சே மன்னிப்புக் கேட்டேன். அவர் கை கூப்பின படம் ஒன்னு போட்டுட்டு, அம்மா தோட்டத்துக் கத்திரிக்காயைப் போட்டார்.

நண்பர் விஷயம்தான் பாக்கி. மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சமையல்கட்டு மேசையில ஒரு கட்டு வெற்றிலை இருந்துச்சு. ஈரத்துணியில சுத்தி, அதுக்கு மேல தமிழ் முரசு தாள். அப்படிக் கட்டுறவர் இந்தக் கோவில்ல ஒரே ஆள்தான். ஆளைக் காணோம். காலையில ஏழு மணிக்கே வச்சுட்டுப் போயிட்டார்னு பாத்திரம் கழுவுற அக்கா சொன்னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு, நான் ஆசையா இறக்கி வச்சிருந்த அரட்டையில ஒரு படம் வந்துச்சு. அவர் தொட்டி வில்வம், இலை எல்லாம் ஓரத்துல கடிபட்டிருக்கு. "ஆன்ட்டிகிட்ட கேட்டுச் சொல்லு" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் அதை வாட்ஸ்அப்ல போட்டேன். ஆன்ட்டி குரல் வந்துச்சு: "அது எலுமிச்சை பட்டாம்பூச்சிப் புழு தம்பி. மருந்து அடிக்காத, பாவம். கையில எடுத்து ஒரு கருவேப்பிலைக் கிளையில விட்டுடு, அதையும் அது சாப்பிடும். யாரு வில்வம் அது? உன்னுது இல்லையே?"

நான் யாருன்னு சொல்லல. குரலை எடுத்து அரட்டையில அனுப்பி வச்சேன். அன்னைல இருந்து இப்படித்தான் ஓடுது. காலையில அவர் படத்தை அங்க இருந்து இங்க கொண்டு வர்றேன், சாயங்காலம் ஆன்ட்டி குரலை இங்க இருந்து அங்க கொண்டு போறேன்.