அடுப்படி மண்ணில் இரண்டு கரித்துண்டுகள்

பாரிட் புந்தாருக்கு அருகே நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தை 2019-இல் இடித்தார்கள். அப்போது நான் நான்காம் படிவ மாணவன். பாட்டி அம்மிக்கல்லை எடுத்துக்கொண்டார். நான் விளையாட்டாக அடுப்பு இருந்த இடத்தைக் கிளறி, இரண்டு கரித்துண்டுகளை மைலோ டின்னில் போட்டு வைத்தேன். ஒன்று மேற்சாம்பலில் கிடந்தது. மற்றொன்று ஒரு சாண் ஆழத்தில், பலமுறை மெழுகிய மண்ணுக்கு அடியில் இருந்தது.

அதே ஆண்டில்தான் கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்ற செய்தி வந்தது. நம் அடுப்புக்கும் வயது பார்த்தால் என்ன என்று எனக்கு ஆசை. ஆனால் கடந்த சுமார் 300 ஆண்டுக் கரிக்கு அந்த முறை அவ்வளவாக உதவாது. காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவு ஏறி இறங்கியதால், ஒரே அளவீட்டுக்குப் பல ஆண்டுகள் பொருந்திவிடும். லயத்துக் கரி அதில் வசமாக மாட்டிக்கொள்கிறது!

கரியிடம் கேட்க இன்னொரு கேள்வி உண்டு: நீ என்ன மரம்? மரம் கரியாகும்போது சுருங்குமே தவிர, அதன் நுண்துளைகளின் வரிசை பெரும்பாலும் அழிவதில்லை. துண்டைப் புதிதாக உடைத்து, குறுக்காகவும் நெடுக்காகவும் உருப்பெருக்கியில் பார்த்து இனம் காண்கிறார்கள். ரப்பர் பிரேசில் நாட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்காம் அதன் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே அதன் கன்றுகள் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. ஆகவே பேராக் மண்ணில் ரப்பர்க் கரி கிடைத்தால், அந்த நெருப்பு 1877-க்குப் பிந்தியது. எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம்.

தாவரவியல் படிக்கும் தோழி ஒருத்தி உதவினாள். ஒப்பிடுவதற்காக ரப்பர்க் குச்சி ஒன்றை மூடிய டின்னுக்குள் வைத்துக் கரியாக்கினோம் (விடுதிக் காவலர் ஓடி வந்தது தனிக்கதை). ஆழத்தில் கிடைத்த துண்டு அதனோடு ஒத்துப்போனது. மேலே கிடந்ததோ சற்றும் ஒத்துப்போகவில்லை.

ரப்பர் தோட்டத்து அடுப்பில் ரப்பர் இல்லாமல் வேறென்ன? சுற்றிலும் நின்ற மரத்தைத்தானே எரித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். லடாக்கில் மரமற்ற உயரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் காய்ந்த சாணத்தை எரிக்கிறார்கள். அங்கே கரி குறைவு, சாம்பல்தான் மிச்சம். கிடைத்ததை எரிப்பதுதான் வழக்கம் என்பது என் கணக்கு.

விடுமுறையில் பாட்டியிடம் டின்னைக் காட்டினேன்.

"அப்பல்லாம் பால் வத்துன மரத்த வெட்டிப் போடுவாங்க, நாங்க கொம்பு பொறுக்கிட்டு வருவோம்யா. அப்புறம் அந்த மரத்துக்கே வெல வந்துருச்சு. லாரியில ஏத்திட்டுப் போனானுங்க. ஒரு சுள்ளி தொட்டாலும் கிராணி சத்தம் போடுவாரு."

1980-களில் ரப்பர் மரப்பலகை, நாற்காலியும் மேசையுமாக ஏற்றுமதியில் பெருகியது. பொருளாதாரப் பாடத்தில் அதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டு விறகு போனது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"மரமெல்லாம் போயி செம்பனை வந்துச்சு. அந்த மட்டை வெறும் பொகைதான். அப்ப எத எரிச்சீங்கன்னு கேளு."

கேட்டேன்.

"லயத்துக்குப் பின்னால உங்க தாத்தா வச்ச ரம்புத்தான். கொம்பு கொம்பா ஒடிச்சேன். கடைசியில மரமே இல்ல."

தாத்தா இறந்து அப்போது எத்தனை ஆண்டுகள் என்று நான் கேட்கவில்லை. மேல் துண்டைத் தனி உறையில் போட்டு, மரத்தின் பெயர் எழுதும் இடத்தில் "ரம்புத்தான், பாட்டி சொன்னது" என்று எழுதினேன்.